கண்காணிக்கிற மெஷினே திணறினா? நெட்வொர்க்கில் ஒரு ‘லோட் ஷெட்டிங்’ கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போயிருக்கீங்களா? 1964-ல ஆரம்பிச்ச தொழிற்பேட்டை. லேத் பட்டறை, வண்டி உதிரி பாகம், பிரஸ் ஷாப், இதுதான் ரொம்ப வருஷமா அதோட அடையாளம். இப்போ அதே தெருக்கள்ல ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் நிக்குது. என்.டி.டி., எஸ்.டி. டெலிமீடியா, கன்ட்ரோல்எஸ்னு வரிசையா டேட்டா சென்டர்கள். நீங்க ஆவடியில உக்காந்து யு.பி.ஐ.ல டீக்கு காசு அனுப்பினாலும், பூந்தமல்லியில பஸ்ஸுக்கு நிக்கும்போது ரீல்ஸ் பார்த்தாலும், அந்த டேட்டா இப்படி ஏதோ ஒரு கட்டடத்து வழியாத்தான் போய் வருது.

இந்த மாதிரி கட்டடங்களுக்குள்ள வேலை செய்யற ஒரு வகை சாஃப்ட்வேர் பத்தித்தான் இன்னைக்கு எபிசோடு. அதோட வேலை, போற வர்ற ட்ராஃபிக்கைப் பார்த்துக்கிட்டே இருக்கறது. யார் அதிகமா அனுப்பறாங்க, எங்கேயாவது தாக்குதல் நடக்குதா, எந்த லிங்க் நிரம்பப் போகுதுன்னு கண்காணிக்கறது. பார்க்க வேண்டியது பார்க்கற சக்தியை மீறிப் போச்சுன்னா அது என்ன பண்ணும்? இதுதான் கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். எப்படியும் கொஞ்சம் டேட்டா கீழ விழத்தான் போகுது. எது விழணும்னு நாம முடிவு பண்றோமா, இல்ல அதுவா விழுதா? அதுலதான் நல்ல சிஸ்டத்துக்கும் மோசமான சிஸ்டத்துக்கும் வித்தியாசம்.

ஒரு பாக்கெட்டுக்கு 6.7 நானோ செகண்ட்

ஒரு சின்ன கணக்கு போடுவோம். இன்னைக்கு டேட்டா சென்டர்ல 100 ஜி.பி.பி.எஸ். லிங்க் ரொம்ப சாதாரணம். ஈதர்நெட்ல மிகச் சின்ன பாக்கெட் 64 பைட். ரெண்டு பாக்கெட்டுக்கு நடுவுல விடற இடைவெளி, முன்னாடி வர்ற அடையாள பைட்டுகள் எல்லாம் சேர்த்தா 84 பைட். அப்படிப் பார்த்தா ஒரு செகண்டுக்கு சுமார் 14.88 கோடி பாக்கெட் வரலாம். ஒரு பாக்கெட்டைப் பார்க்கக் கிடைக்கற நேரம் 6.7 நானோ செகண்ட்.

3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர்ல அது வெறும் 20 சைக்கிள். மெமரிக்குப் போய் ஒரு தகவலை எடுத்துட்டு வரவே கிட்டத்தட்ட 100 நானோ செகண்ட் ஆகும். ஒரு பாக்கெட்டுக்காக மெமரிக்குப் போய் வர்றதுக்குள்ள இன்னும் பத்துப் பதினஞ்சு பாக்கெட் வந்து வாசல்ல நிக்கும்.

சரி, எல்லா பாக்கெட்டும் அவ்வளவு சின்னதா வராது. வேலையைப் பல கோர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கலாம். சாதாரண நாள்ல சமாளிச்சிடலாம். ஆனா தாக்குதல் பண்றவன் வேணும்னே சின்ன சின்ன பாக்கெட்டாத்தான் அனுப்புவான். அதை மறந்துடாதீங்க, திரும்ப வருவோம்.

“எல்லாத்தையும் அப்படியே ஸ்டோர் பண்ணி வச்சுட்டு, அப்புறமா நிதானமா பார்க்கலாமே?” 100 ஜி.பி.பி.எஸ். லிங்க் முழுசா ஓடினா செகண்டுக்கு 12.5 ஜி.பி. ஒரு மணி நேரத்துக்கு 45 டி.பி. ஒரு நாளைக்கு ஆயிரம் டி.பி.க்கு மேல. இது ஒரே ஒரு லிங்க்குக்கு. அதனாலதான் இந்த உலகத்துல டேட்டாபேஸ் மாதிரி ‘முதல்ல சேமி, அப்புறம் கேள்’ கிடையாது. கேள்வியை முன்னாடியே எழுதி வச்சிடுவாங்க: “கடந்த ஒரு நிமிஷத்துல எந்த ஐ.பி. அதிகம் அனுப்பிச்சது?” டேட்டா ஆறு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும், பதிலும் மாறிக்கிட்டே இருக்கும். இதுக்குப் பேர்தான் டேட்டா ஸ்ட்ரீம் சிஸ்டம்.

“கொஞ்சம் இருப்பா”ன்னு சொல்ல முடியாது

காஃப்கா, ஃப்ளிங்க் எல்லாம் தெரிஞ்சவங்க உடனே ‘பேக்பிரஷர்’னு சொல்வீங்க. வாங்கற இடத்துல வேலை தேங்கினா, அனுப்பற இடத்துக்கு ‘மெதுவா அனுப்பு’ன்னு தகவல் போகும். அருமையான ஏற்பாடு. நெட்வொர்க் கண்காணிப்புல இது எடுபடாது. ஏன்னா நமக்கு வர்றது ஒரு நகல். ஸ்விட்ச்சுல மிரர் போர்ட் வச்சோ, ஃபைபர்ல டாப் போட்டோ ட்ராஃபிக்கோட காப்பி எடுக்கறோம். நாம திணறுறோம்ங்கறதுக்காக யாரோட யு.பி.ஐ. பேமென்ட்டும் நிக்காது, நிக்கவும் கூடாது.

“அப்போ பெரிய பஃபர் வச்சுக்கலாமே?” ரெண்டு நிமிஷம் வர்ற திடீர் கூட்டத்துக்கு பஃபர் சரி. தொடர்ந்து அதிகமா வந்துச்சுன்னா? செகண்டுக்கு 10 லட்சம் பார்க்கற சிஸ்டத்துக்கு 12 லட்சம் வருதுன்னு வைங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 12 நிமிஷத்து வேலை பாக்கி நிக்கும். அதாவது இப்போ நடக்கற தாக்குதலைப் பத்தின அலர்ட் 12 நிமிஷம் கழிச்சு வரும். நிலைமை மாறலைன்னா அடுத்த மணி நேரத்துல 24 நிமிஷம்.

வேகமாக்கவும் முடியல, காத்திருக்க வைக்கவும் முடியல. அப்போ கொஞ்சத்தை விட்டுத்தான் ஆகணும்.

பேரே கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்ததுதான்

இதுக்கு ‘லோட் ஷெட்டிங்’னு பேர். ஆமா, பவர் கட் சமாச்சாரமேதான். 2012 ஞாபகம் இருக்கா? சென்னைக்கு தினம் 2 மணி நேரம், ஏரியாவாரியா நேரம் பிரிச்சு கட் பண்ணாங்க. மத்த மாவட்டங்கள்ல நிலைமை அதைவிட ரொம்ப மோசம். கடுப்பா இருந்துச்சு, ஆனா நம்ம ஏரியாவுக்கு எப்போ போகும்னு தெரியும். மாவு அரைக்கறவங்க அதுக்கு முன்னாடியே அரைச்சு வச்சிடுவாங்க. பட்டறைக்காரங்க ஷிஃப்ட்டை மாத்திக்குவாங்க.

அதே வருஷம் ஜூலை 30, 31-ல வட இந்தியாவுல என்ன ஆச்சு? சுமை தாங்காம ஒரு லைன் விழ, அதோட பாரம் பக்கத்து லைன்ல ஏற, அதுவும் விழ, கடைசியில வடக்கு, கிழக்கு, வடகிழக்குன்னு மூணு கிரிட்டும் சரிஞ்சுது. ரெண்டாவது நாள் சுமார் 60 கோடி பேர் வாழற பகுதி இருட்டுல கிடந்துச்சு. தென்னிந்திய கிரிட் அப்போ மத்ததோட முழுசா இணையாம தனியா ஓடினதால நாம தப்பிச்சோம்.

நாமளா திட்டம் போட்டு கட் பண்றது ஒண்ணு, தானா விழறது இன்னொண்ணு. கண்காணிப்பு சிஸ்டத்துலயும் அதே கதைதான். நாம முடிவு பண்ணலைன்னா நெட்வொர்க் கார்டோட பஃபர் நிரம்பி வழிய, எந்த பாக்கெட் போகும்னு யாருக்கும் தெரியாம போகும். இதுல பெரிய ஆபத்து என்னன்னா, வெளியில ஒண்ணும் தெரியாது. டேஷ்போர்டுல கிராஃப் கொஞ்சம் கீழ இறங்கும், அவ்வளவுதான். நைட் ஷிஃப்ட்ல உக்காந்திருக்கறவர் ‘ட்ராஃபிக் குறைஞ்சிருக்கு போல’ன்னு நிம்மதியா டீ குடிக்கப் போயிடுவார். நிஜத்துல ட்ராஃபிக் எகிறியிருக்கும், கண்ணுதான் பாதி மூடியிருக்கும்.

குலுக்கிப் போட்டு எடுக்கறது: எங்க சரி, எங்க தப்பு

2003-ல அரோரான்னு ஒரு ஸ்ட்ரீம் சிஸ்டம். பிராண்டைஸ், பிரவுன், எம்.ஐ.டி. மூணு இடத்து ஆட்களும் சேர்ந்து செஞ்சது. நெசிமே தத்புல் தலைமையில அவங்க எழுதின கட்டுரை இந்தத் துறைக்கு அடித்தளம். அதுல மூணு கேள்வி: எப்போ விடணும், எங்க விடணும், எவ்வளவு விடணும்? ‘எங்க’ங்கறதுக்கு அடிப்படை விதி, முடிஞ்ச வரைக்கும் வாசல்லயே விட்டுடு. ஒரு பாக்கெட்டைப் பிரிச்சு, படிச்சு, கணக்குல ஏத்தி, கடைசியில தூக்கிப் போட்டா அதுவரைக்கும் செஞ்ச வேலை எல்லாம் வீண். அடுத்த வருஷம் ஸ்டான்ஃபோர்டுல பேப்காக், தத்தார், ராஜீவ் மோத்வானி மூணு பேரும், கூட்டல், எண்ணிக்கை மாதிரி கேள்விகளுக்கு எப்படி விட்டா பதில்ல பிழை குறைவா வரும்னு காட்டினாங்க.

இதுல ரொம்ப எளிமையான வழி சாம்ப்ளிங். ரவுட்டர்கள்ல ஆயிரத்துல ஒரு பாக்கெட்டைக் குலுக்கலா எடுத்து, வர்ற கணக்கை ஆயிரத்தால பெருக்கறது. பொங்கல் பானையில ஒரு சோறு பதம் பார்க்கறோமே, அதேதான். எஸ்ஃப்ளோன்னு ஒரு முறை இருக்கு, அதுல இதுக்கு ஒரு கணக்கே உண்டு. ஒரு வகை ட்ராஃபிக்ல இருந்து 10,000 சாம்பிள் கிடைச்சா பிழை 2 சதவீதத்துக்குள்ள. 100 சாம்பிள்தான் கிடைச்சதுன்னா 20 சதவீதம் வரைக்கும் போகும். பெரிய கஸ்டமருக்கு பில் போட, எந்த லிங்க் நிரம்புதுன்னு பார்க்க, இது தாராளமா போதும்.

ஆனா ஒரு ஹேக்கர் 2,000 மெஷின்களோட கதவை ஒவ்வொரு பாக்கெட் அனுப்பித் தட்டிப் பார்க்கறான்னு வைங்க. ஆயிரத்துல ஒண்ணு எடுத்தா நம்ம கண்ணுல சராசரியா ரெண்டே ரெண்டு பாக்கெட்தான் படும். ‘ஒரே ஐ.பி. 500 மெஷினுக்கு மேல தட்டினா மணி அடி’ன்னு ரூல் போட்டு வச்சிருக்கீங்க. அந்த மணி கடைசி வரைக்கும் அடிக்காது. பாக்கெட் எண்ணிக்கையைப் பெருக்கிச் சரிபண்ணலாம். ‘எத்தனை வேற வேற மெஷின்’ங்கற எண்ணிக்கையை அப்படிப் பெருக்கிச் சரிபண்ண முடியாது.

இதுக்கு இன்னொரு வழி, பாக்கெட்டைக் குலுக்காம ஆளைக் குலுக்கறது. அனுப்பற ஐ.பி.யை ஒரு ஹேஷ் கணக்குல போட்டு, பத்துல ஒரு ஐ.பி.யை மட்டும் தேர்ந்தெடுத்து, அதோட எல்லா பாக்கெட்டையும் விடாம பார்க்கறது. தேர்வான ஆளோட நடவடிக்கை முழுசா தெரியும். தேர்வாகாத ஆள் சுத்தமா தெரிய மாட்டான். அதனால ‘எத்தனை பேர் இப்படித் தட்டறாங்க’ங்கறதுக்கு நல்ல பதில் வரும், ‘யார் யார்’ங்கறதுக்கு அரைகுறையாத்தான் வரும். ஹேஷோட ரகசிய எண்ணை அப்பப்போ மாத்தினா, இன்னைக்குத் தப்பிச்சவன் நாளைக்கு மாட்டலாம். அந்த எண் ரகசியமா இருக்கணும்ங்கறதும் முக்கியம். தெரிஞ்சுபோச்சுன்னா, தேர்வாகாத ஐ.பி.யாப் பார்த்து அவன் உள்ள வந்துடுவான்.

மூணாவது வழி, அர்த்தம் பார்த்து விடறது. நீங்க பார்க்கற வீடியோ என்கிரிப்ட் ஆகித்தான் வருது. ஆரம்பத்துல நடக்கற கைகுலுக்கலுக்கு அப்புறம் உள்ள என்ன இருக்குன்னு கண்காணிப்பு மெஷினால படிக்கவே முடியாது. அப்புறம் எதுக்கு ரெண்டு மணி நேரப் படத்தோட ஒவ்வொரு பாக்கெட்டையும் தொட்டுப் பார்க்கணும்? சூரிகாட்டா மாதிரி ஓப்பன் சோர்ஸ் சிஸ்டத்துல இதுக்கு வசதியே இருக்கு. ஒரு இணைப்புல முதல் 1 எம்.பி. வரைக்கும் கோத்துப் படி, மத்ததை விட்டுடுங்கறதுதான் அதோட வழக்கமான அமைப்பு. பெரிய சுமை இறங்கும், இழப்பு ரொம்பக் குறைவு.

தேவைப்படற நேரத்துலதான் கண்ணு மூடும்

இப்போ அந்தச் சின்ன பாக்கெட் விஷயத்துக்கு வருவோம். 2003 ஜனவரி 25. எஸ்.க்யூ.எல். ஸ்லாமர்னு ஒரு வார்ம். மொத்தமே 376 பைட், ஒரே பாக்கெட்டுக்குள்ள அடங்கிடும். ஆரம்பத்துல 8.5 செகண்டுக்கு ஒரு தடவை ரெண்டு மடங்காச்சு. தாக்கக்கூடிய மெஷின்கள்ல 90 சதவீதத்தை 10 நிமிஷத்துல புடிச்சிடுச்சு. குறைஞ்சது 75,000 மெஷின்கள். அமெரிக்காவுல பேங்க் ஆஃப் அமெரிக்காவோட ஏ.டி.எம்.கள் பல முடங்கிப்போச்சு. கொஞ்சம் முன்னாடி பார்த்த 12 நிமிஷ பாக்கியை இது பக்கத்துல வச்சுப் பாருங்க. அலர்ட் வரும்போது எல்லாமே முடிஞ்சிருக்கும்.

இதுல இன்னொரு சிக்கல். 1996-ல சிஸ்கோ கொண்டு வந்த நெட்ஃப்ளோ, ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியா எழுதாம, ‘இவர் அவரோட பேசினார், இவ்வளவு பைட்’னு ஒரு உரையாடலுக்கு ஒரு வரி எழுதும். நீங்க படம் பார்த்தா லட்சக்கணக்கான பாக்கெட், ஆனா ஒரே வரி. ஸ்லாமர் மாதிரி வார்ம் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒரு புது முகவரிக்கு அனுப்பும். அப்போ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு புது வரி. மெமரி நொடியில நிரம்பும். தாக்குதலைக் காட்ட வேண்டிய கருவி, அந்தத் தாக்குதலாலயே செயலிழக்கும்.

2004-ல எஸ்தான், ஜார்ஜ் வர்கீஸ் குழு இதுக்கு ஒரு தீர்வு சொன்னாங்க. மெமரி நிரம்ப நிரம்ப சாம்ப்ளிங்கை அதுவாவே இறுக்கிக்கணும். ஆயிரத்துல ஒண்ணு எடுத்துட்டிருந்தா பத்தாயிரத்துல ஒண்ணு. ஏற்கெனவே எழுதின வரிகளையும் புது விகிதத்துக்கு ஏத்த மாதிரி திருத்திக்கணும். சாதாரண நேரத்துல துல்லியம், நெருக்கடியில தோராயம், எந்த நேரத்துலயும் முழுக் குருடு கிடையாது.

ஒன்றரை கே.பி.யில நூறு கோடி

தூக்கிப் போடாம சுருக்கி வச்சுக்கற வழியும் உண்டு. ‘ஸ்கெட்ச்’னு சொல்வாங்க. கிரஹாம் கோர்மோட், எஸ். முத்துகிருஷ்ணன் ரெண்டு பேரும் கொடுத்த ‘கவுன்ட்-மின்’ இதுல பிரபலம். சில வரிசை கவுன்டர்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு ஐ.பி.யும் ஒவ்வொரு வரிசையிலயும் ஹேஷ் சொல்ற கட்டத்துல ஒண்ணு கூட்டும். வேற ஐ.பி.களும் அதே கட்டத்துல வந்து விழலாம். அதனால ஒரு ஐ.பி.யோட எண்ணிக்கை வேணும்னா, எல்லா வரிசையிலயும் அதோட கட்டங்களைப் பார்த்து, இருக்கறதுலயே சின்ன எண்ணை எடுத்துக்கணும். பதில் உண்மையைவிடக் கொஞ்சம் கூடலாம், ஒருபோதும் குறையாது. அதிகமா அனுப்பறவனை இது தவற விடாது.

‘எத்தனை வேற வேற’ங்கற கேள்விக்கு 2007-ல ஃபிலிப் ஃப்ளாஜோலே குழு கொடுத்த ‘ஹைப்பர்லாக்லாக்’ இருக்கு. நூறு கோடிக்கு மேல எண்ணணும்னாலும் 1.5 கே.பி. மெமரி போதும், பிழை 2 சதவீதம். வாட்ஸ்ஆப்ல வர்ற ஒரு குட்மார்னிங் படத்தைவிடப் பல மடங்கு சின்னது! சாம்ப்ளிங் தோத்த அந்த 2,000 மெஷின் கேள்வியை இது பிடிச்சிடும். ஆனா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு ஹேஷ் போட்டே ஆகணும். மெமரி மிச்சம், பிராசசர் வேலை முழுசா மிச்சமாகாது.

ஏரி நிரம்பறதுக்கு முன்னாடி

சுமை வந்த பிறகு விடறதா, வர்றதுக்கு முன்னாடியே கணிச்சு விடறதா? நம்ம பூந்தமல்லி பக்கம் இந்தக் கேள்வியோட வலி எல்லாருக்கும் தெரியும். செம்பரம்பாக்கம் ஏரி, 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் 1-ம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி தண்ணியைத் திறந்தாங்க. முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா திறந்திருக்கணுமாங்கற விவாதம் அதுக்கப்புறம் பல வருஷம் நடந்துச்சு. ஏரியில எவ்வளவு இருக்குங்கறதை மட்டும் பார்க்கக்கூடாது, மேல எவ்வளவு மழை வரப்போகுதுன்னும் பார்க்கணும்ங்கறது அதுல கிடைச்ச பாடம்.

நெட்வொர்க்ல இதை 2007-ல பார்சிலோனாவுல பெரே பார்லே-ரோஸ் குழு செஞ்சு காட்டினாங்க. ட்ராஃபிக்கை 100 மில்லி செகண்ட் துண்டுகளா பிரிப்பாங்க. ஒவ்வொரு துண்டுலயும் எத்தனை பாக்கெட், எத்தனை பைட், எத்தனை புது உரையாடல்னு சீக்கிரமா ஒரு கணக்கு. அதை வச்சு, ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு பிராசசர் நேரம் ஆகும்னு முன்கூட்டியே கணிப்பு. தாங்காதுன்னு தெரிஞ்சா, வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தேவையான அளவு மட்டும் குறைப்பாங்க. அதுவும் கேள்விக்கு ஏத்த மாதிரி: ஒண்ணுக்கு பாக்கெட் சாம்ப்ளிங், இன்னொண்ணுக்கு உரையாடல் சாம்ப்ளிங். கேள்விக்குள்ள என்ன கோட் ஓடுதுன்னுகூட சிஸ்டத்துக்குத் தெரியத் தேவையில்ல. நிஜமான நெட்வொர்க் ட்ராஃபிக்ல ஓட்டி, சுமை எகிறினப்பவும் பதில்கள் நம்பற மாதிரி வந்ததைக் காட்டினாங்க.

விட்டதை எழுதி வை

கடைசியா, இந்த வேலையில இருக்கறவங்களுக்கும் சேரப் போறவங்களுக்கும்.

ஒண்ணு, எவ்வளவு விட்டோம்ங்கற எண் டேஷ்போர்டுல மெயின் கிராஃப் பக்கத்துலயே இருக்கணும். இதை நீங்க வீட்லயே பார்க்கலாம். லினக்ஸ்ல டிசிபிடம்ப் ஓட்டிட்டு நிறுத்தினா, கடைசி வரியில ‘கெர்னல் இத்தனை பாக்கெட்டை விட்டுடுச்சு’ன்னு ஒரு எண் வரும். அது பூஜ்யமா இல்லைன்னா மேல பார்த்த எல்லாத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோட பாருங்க.

ரெண்டு, எதை முதல்ல விடறது, எதைக் கடைசி வரைக்கும் விடக்கூடாதுன்னு பட்டியலை அமைதியான நாள்ல எழுதி வைங்க. வீடியோ முதல்ல போகட்டும். புது இணைப்புகளோட முதல் பாக்கெட்டும் டி.என்.எஸ். கேள்விகளும் கடைசி வரைக்கும் இருக்கட்டும். ராத்திரி மூணு மணிக்கு அலாரம் அடிக்கும்போது உக்காந்து யோசிக்க நேரம் இருக்காது.

மூணு, சாம்ப்ளிங் விகிதத்தை லாக்லயே சேர்த்து எழுதுங்க. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல போட்ட உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள தகவல் கொடுக்கணும், 180 நாள் லாக் வச்சிருக்கணும். நாளைக்கு யாராவது வந்து ‘அந்த ராத்திரி என்ன நடந்துச்சு’ன்னு அந்த லாக்கைத் திறந்து கேட்டா, ‘ஒண்ணும் நடக்கல’ங்கறதும் ‘நாங்க பத்தாயிரத்துல ஒண்ணுதான் பார்த்தோம்’ங்கறதும் ஒரே பதில் ஆகாது. ரெண்டாவது பதிலைச் சொல்ல முடிஞ்சா, விசாரிக்கறவங்க வேற எங்க தேடணும்னு தெரிஞ்சுக்குவாங்க. எழுதி வைக்கலைன்னா, வெறும் லாக்கைப் பார்த்து எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு நம்பிடுவாங்க. பாதிக்கப்பட்டவங்களுக்கு அதுல எந்தப் பிரயோஜனமும் இல்ல.

இன்னைக்கு அவ்வளவுதான். உங்க ஆபீஸ் டேஷ்போர்டுல அந்த ‘விட்ட எண்ணிக்கை’ எங்க இருக்குன்னு நாளைக்குப் போய் ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.